சுருதிப் பெட்டியில் தொடங்குகிறது குரலின் ஆரோக்கியம்

டிசம்பர் சீசனில் எந்தச் சபா கேண்டீனில் காதைக் கொடுத்தாலும் ஒரு பேச்சு விழும்: “ஞானமெல்லாம் இருக்கிறது, இன்றைக்குச் சாரீரம்தான் ஒத்துழைக்கவில்லை.” பனி, ஏசி, அடுத்தடுத்த கச்சேரி, முந்தாநாள் சாப்பிட்ட தயிர் சாதம் என்று காரணங்கள் வரிசையாக வரும். சிலவற்றில் உண்மையும் இருக்கிறது. ஆனால் சென்னையில் இளம் பாடகர்களின் குரல் இருபது, இருபத்தைந்து வயதிலேயே களைத்துப்போவதற்கு நான் முதலில் கைகாட்டுவது வேறொன்றை. அது சுருதிப் பெட்டியில் வைத்திருக்கும் கட்டை, அதாவது பாட்டு முழுவதற்கும் ஆதாரமாக நிற்கும் ‘ஸ’வின் உயரம். தொண்டைக்குப் பொருந்தாத சுருதியில் பல ஆண்டுகள் பாடிவிட்டு, அதன் விளைவைத் தேனாலும் அதிமதுரத்தாலும் சரிசெய்யப் பார்க்கிறோம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் குரல்வளைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் குரல் நாண்கள் மிகச் சிறியவை. வளர்ந்த ஆணுக்கு ஏறக்குறைய 17 முதல் 21 மில்லிமீட்டர் நீளம், பெண்ணுக்கு 11 முதல் 15 மில்லிமீட்டர். நாண் என்று பெயரே தவிர, உண்மையில் இவை இரண்டு மடிப்புகள். உள்ளே தசை, அதன்மேல் மென்மையான இழைகளின் அடுக்குகள், எல்லாவற்றுக்கும் மேலே வழவழப்பான மெல்லிய சவ்வு. இந்த அடுக்கமைப்பை 1970-களில் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ விரிவாக ஆராய்ந்து காட்டினார். மேல்சவ்வு உள்ளிருக்கும் தசையோடு இறுகிக்கிடக்காமல், தனியே நெளிந்து அலை எழுப்புகிறது. அந்த நெளிவு தடையில்லாமல் நடக்கும்போது குரல் தெளிவாக ஒலிக்கிறது. சவ்வு வீங்கினால் நாண்கள் முழுமையாகச் சேர்வதில்லை; காற்று கசிகிறது; நாம் அதைக் கரகரப்பு என்கிறோம்.

நாண்கள் நொடிக்கு எத்தனை முறை சேர்ந்து பிரிகின்றன என்பதே நமக்குச் சுருதியாகக் கேட்கிறது. ஐந்து கட்டையில் பாடும் ஒரு பெண்ணின் மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தில், அதாவது நடு வரம்பின் ‘ஸ’வில், அவை நொடிக்கு ஏறக்குறைய 196 முறை மோதுகின்றன. மேல் ஸ்தாயியின் ‘ஸ’வான தார ஸட்ஜத்தில் 392. அதற்கும் மேலே வரும் ‘ப’வான தார பஞ்சமத்தில் 587. இரண்டு மணி நேரக் கச்சேரியில் வயலின் வாசிக்கும் நேரத்தையும் தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தையும் கழித்துவிட்டு, ஒரு மணி நேரம் மட்டுமே அவருடைய குரல் ஒலித்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக நொடிக்கு 300 என்று கணக்குப் போட்டாலும் மோதல்கள் பத்து லட்சத்தைத் தாண்டுகின்றன. ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய ஒரு திசு, ஒரே மாலையில் இதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் மீண்டும் பேசுகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது கட்டைக்கு வருவோம். ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ‘ஸி’யிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறோம், இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள். மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் நடுவே கறுப்பு இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் இடையிலும், பெண்கள் நாலரையை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ பாடுகிறார்கள். ஐந்திலிருந்து நாலரைக்கு இறங்கினால் ஒவ்வொரு ஸ்வரத்தின் அதிர்வெண்ணும் சுமார் 6 சதவீதம் குறைகிறது. நான்குக்கு இறங்கினால் 11 சதவீதம். எண்ணிக்கையில் இது சிறிய வித்தியாசம்தான். ஆனால் உச்ச ஸ்வரத்தைப் பிடிப்பதற்காக நாண்களை இறுக்கி, மூச்சின் அழுத்தத்தைக் கூட்டி, கழுத்துத் தசைகளையும் துணைக்கு அழைக்க வேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறதே, அதைத் தாண்டிப் போகிறோமா, இந்தப் பக்கமே நின்றுவிடுகிறோமா என்பதை அந்த அரைக் கட்டைதான் பல நேரங்களில் தீர்மானிக்கிறது.

கர்நாடக சங்கீதத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மெல்லிசையில் பாட்டுக்குப் பாட்டு சுருதியை மாற்றிக்கொள்ளலாம். நம் கச்சேரியில் தம்பூரா ஒரே சுருதியில்தான் ஒலிக்கும். எல்லா உருப்படியும் அதற்குள்தான். கீழ் ஸ்தாயியின் ‘ப’வான மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை இரண்டு ஸ்தாயி வேண்டும். ஆகவே சரியான சுருதியைத் தேட மேல்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. மந்தர பஞ்சமம் வெறும் காற்றாகக் கரையாமல் ஒலியோடு நிற்க வேண்டும். தார பஞ்சமத்தை முகம் கோணாமல் தொட்டு, அங்கே கொஞ்சம் கார்வை கொடுத்து (ஸ்வரத்தை நீட்டி) நிற்க முடிய வேண்டும். இந்த இரண்டும் எந்தக் கட்டையில் ஒருசேர அமைகிறதோ அதுதான் அந்தக் குரலின் கட்டை. அதை ஒரே நாளில் கண்டுபிடிக்க முடியாது. காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் குரல் இருக்கும் என்பதால் சில வாரங்கள் பாடிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இருந்தும் சுருதியை இறக்குவது ஏதோ தோல்வி என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக்கிடக்கிறது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால், கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தலிலும் நாடகக் கொட்டகையிலும் கடைசி வரிசை வரை கேட்க வேண்டுமானால் உரத்த, உயர்ந்த குரல் வேண்டும். மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைவிட உயர்ந்த ஒலிகளை எளிதில் பிடித்துக்கொள்கிறது. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா (1906-1933) போன்றவர்களின் புகழில் அந்த எட்டாத உச்ச ஸ்தாயிக்குப் பெரும் பங்கு இருந்தது. மைக் பரவலான பிறகு இந்தத் தேவை போய்விட்டது. கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்த எம்.டி. ராமநாதன் (1923-1984) மிகத் தாழ்ந்த சுருதியில், மிக நிதானமான காலப்பிரமாணத்தில் பாடி ஒரு தனி உலகத்தையே கட்டினார். மைக் இல்லாத காலத்தில் அப்படி ஒரு பாணி அரங்கேறியிருக்கவே முடியாது. தேவை போன பின்பும் பெருமை மட்டும் நின்றுவிட்டது. “என் பெண் ஐந்தரையில் பாடுகிறாள்” என்று ஒரு தாய் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் பெருமிதத்தைக் கேட்டுப் பாருங்கள். “நாலில் பாடுகிறாள்” என்று அதே தொனியில் யாரும் சொல்வதில்லை.

இதன் விலையைக் குழந்தைகள் கொடுக்கிறார்கள். மேற்கு மாம்பலத்திலோ நங்கநல்லூரிலோ ஒரு மாடி அறையில் சனிக்கிழமை காலை நடக்கும் வகுப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுருதிப் பெட்டியோ கைப்பேசிச் செயலியோ ஐந்தரையில் ஒலிக்கிறது. ஸ்வரங்கள் இரட்டையாக வரும் ஜண்டை வரிசை, வேகமான மூன்றாம் காலத்தில்: ஸஸ ரிரி கக மம. இரட்டையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அழுத்தத்தை மூச்சால் கொடுக்கத் தெரியாத பிள்ளைகள் நாண்களை இறுக மூடிப் படாரென்று திறந்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெடிக்கவைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவளைத் தாண்டித் தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் சத்தத்தை ஏற்றுகிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது. மேல் ஸட்ஜம் நெருங்க நெருங்க மோவாய் கூரையைப் பார்க்கிறது. கடைசி வரிசையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், தைவதம் வரை பாடிவிட்டு, அதற்குமேல் வாயை மட்டும் அசைக்கிறான்.

அந்தப் பையனுக்கு மகரக்கட்டு உடைந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் பையன்களின் குரல்வளை வேகமாக வளர்ந்து, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்குவது ஒரே சீராக நடப்பதில்லை. திங்கட்கிழமை வரும் ஸ்வரம் வியாழக்கிழமை உடைகிறது. ஐந்தரையில் அவனால் இனி மேல் ஸ்தாயிக்குப் போக முடியாது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே பாடச் சொன்னால் மந்தரம் அடியில் எங்கோ போய் ஒலியே எழாது. ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையை நோக்கித்தான் அவன் குரல் பயணம் செய்துகொண்டிருக்கிறது. இந்தச் சில மாதங்களுக்கு, சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேலாக, அவனுக்குத் தனிச் சுருதி வேண்டும். சிறிய எல்லைக்குள் மெதுவான பயிற்சி வேண்டும். வாய்விட்டுப் பாட முடியாத நாட்களில் தாளமும் ஸ்வரக் கணக்கும் ராக அடையாளமும் சொல்லிக்கொடுத்தால் போதும். பலவந்தமாகப் பழைய சுருதியிலேயே பாடவைத்தால் இறுக்கிப் பாடும் பழக்கம் வேரூன்றும். அல்லது, இதுதான் அதிகம் நடக்கிறது, அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுவான். பாட்டு வகுப்புகளில் பத்து வயதில் இருந்த பையன்கள் பதினாறு வயதில் ஏன் மிருதங்கத்துக்கோ கிரிக்கெட்டுக்கோ போய்விடுகிறார்கள் என்று கேட்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். பெண் குழந்தைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறுகிறது. இறக்கம் இரண்டு மூன்று அரைக் கட்டைகள்தான் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. சில மாதங்கள் குரலில் காற்றுக் கலந்து ஒலிக்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது அநியாயம்.

ஆசிரியர்களைக் குற்றம் சொல்வது என் நோக்கமில்லை. முக்கால் மணி நேரத்தில், ஒரே அறையில், பன்னிரண்டு தொண்டைகளுக்குப் பன்னிரண்டு சுருதி வைக்க யாராலும் முடியாது. ஆனால் வகுப்பை இரண்டு சுருதிக் குழுவாகப் பிரிக்க முடியும். எல்லோரும் சேர்ந்து பாடுவதைக் குறைத்து, ஒருவர் பாட மற்றவர்கள் தாளம் போடும்படி செய்ய முடியும். அப்படிச் செய்தால் கத்த வேண்டிய அவசியமும் போகிறது. ஒவ்வொரு குழந்தையின் குரலும் ஆசிரியர் காதில் தனியே விழுகிறது.

பாடத்திட்டத்தில் குறை இல்லை. புரந்தரதாசர் வகுத்ததாகக் காலங்காலமாகச் சொல்லப்படும் அடிப்படைப் பாடங்களைக் குரல் பயிற்சி என்ற கண்ணோடு பார்த்தால், அவற்றின் ஒழுங்கு அசத்துகிறது. சரளி வரிசை ஒரே ஸ்தாயிக்குள் நிற்கிறது. மேல் ஸ்தாயி வரிசை பிறகுதான் வருகிறது. ஒவ்வொன்றையும் முதலில் மெதுவான விளம்ப காலத்தில் பாடி, அது நிலைத்த பிறகே இரண்டாம் காலம், மூன்றாம் காலம். இந்தப் பாடங்கள் அமைந்திருக்கும் மாயாமாளவகௌளை ராகத்தின் ஸ்வரங்கள் மேலும் கீழும் ஒரே அமைப்பில் பிரிவதால் புதிதாகப் பாடும் காது அவற்றைப் பற்றிக்கொள்கிறது. நிதானமாகப் போனால் இந்தப் படிகளே குரலை வளர்த்துவிடும். ஆறு மாதத்தில் கீதம், ஒரு வருடத்தில் வர்ணம், அடுத்த சீசனுக்குள் போட்டிக்கு ஒரு கிருதி என்று அவசரப்படும்போது படிகளில் பாதி விடுபடுகிறது. மூன்றாம் காலத்தைத் தொண்டையால் தள்ளக் கற்றுக்கொண்ட பிள்ளை, பின்னாளில் பிருகா என்னும் வேகமான ஸ்வர உருட்டலையும் தொண்டையாலேயே தள்ளும்.

விடியற்காலை மந்தர ஸ்தாயி சாதகம் (பாட்டுப் பயிற்சி) என்ற பழைய வழக்கத்துக்கும் உடலியல் நியாயம் உண்டு. தாழ்ந்த ஸ்வரங்களில் நாண்கள் தளர்ந்து, மெதுவாக அதிர்கின்றன. தூங்கி எழுந்த குரலுக்கு அது பொருத்தமான வேலை. ஆனால் அழுத்திப் பாடி அடிக்குரலை வரவழைப்பது மந்தர சாதகம் ஆகாது. எந்த ஸ்வரம் வரை ஒலி தானாக வருகிறதோ அங்கே நின்று, அகாரத்தில் நீட்டி, மூச்சு தீருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். பாடத் தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் வாயை மூடி ‘ம்’ என்று மெல்ல ஒலிப்பதும், ஒரு ஸ்ட்ராவை உதட்டில் வைத்து அதன் வழியாக ஸரிகம பாடுவதும் நல்லது. ஸ்ட்ரா வைத்தியம் விளையாட்டாகத் தோன்றலாம். அதற்குப் பின்னால் இருப்பது எளிய இயற்பியல்: வாயின் வழி குறுகும்போது காற்றின் அழுத்தம் பின்வாங்கி நாண்களுக்கு மேலே நிற்கிறது, நாண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் மென்மையாகச் சேர்ந்து அதிர அது உதவுகிறது. குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து பரப்பியவர். இன்று குரல் சிகிச்சையிலும் இது வழக்கமான பயிற்சி.

“வயிற்றிலிருந்து பாடு” என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். சொல்வது சரி, கேட்கும் பிள்ளைக்குப் புரிவதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, அதனால் வயிறு முன்னே வருகிறது, விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிகின்றன. பாடும்போது அந்த விரிவு சட்டென்று சரிந்துவிடாமல், வயிற்றுத் தசையும் விலாத் தசையும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தோள் உயர்ந்தால் மூச்சு மேலோட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். கூன்போட்டு உட்கார்ந்து மடியில் இருக்கும் நோட்டைப் பார்த்துப் பாடும் குழந்தைக்கு இது எதுவும் நடக்காது. நோட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்திவைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சாதகம் குரலை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குச் சென்னைக்கு வேறு சாட்சி வேண்டாம். செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர் (1908-2003) கரகரப்பும் மூக்கொலியும் கலந்த ஒரு குரலோடு தொடங்கி, விடாப்பிடியான உழைப்பால் அதைத் தன் சங்கீதத்துக்கு வசப்படுத்தி, 1947-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். பிறவிக் குரல் முக்கியந்தான். ஆனால் இசையின் கடைசி வார்த்தை அதனிடம் இல்லை.

குரலுக்குப் பாட்டு வேறு, பேச்சு வேறு என்ற கணக்கு கிடையாது. சென்னையில் பாடுகிறவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் கூட்டங்களில் பேசுபவர்கள், நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மைக் இல்லாமல் பாடம் நடத்துபவர்கள். மாலையில் சாதகத்துக்கு உட்காரும்போது குரலில் பாதி ஏற்கெனவே செலவாகியிருக்கும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்ட் 1911-ல் எடுத்துக்காட்டினார். ஓடும் ஆட்டோவில் போனில் பேசுவது, கல்யாண மண்டபத்தில் நாயனத்துக்கும் மேளத்துக்கும் மேலே குசலம் விசாரிப்பது எல்லாமே இந்த வகை. பாடகருக்கு இவற்றில் மிகக் கொடியது வரவேற்புக் கச்சேரி. முன்னால் இருநூறு பேர் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்க, மேடையில் இருப்பவர் தன் குரல் தனக்கே கேட்காமல் மூன்று மணி நேரம் பாடுகிறார். சபா மேடையிலும் பக்கவாத்திய மைக்குகள் உரக்க ஒலித்து, பாடகருக்கு எதிரே இருக்கும் ஒலிபெருக்கியில் அவருடைய குரல் அடங்கிப்போனால் நடப்பது இதுதான். பாட்டைத் தொடங்கும் முன், “எனக்கு என் குரல் கேட்க வேண்டும், மற்றதைக் குறையுங்கள்” என்று ஒலியமைப்பாளரிடம் கேட்பது அகங்காரம் ஆகாது. அது தொழில் பாதுகாப்பு.

பாரம் ஏறிக்கொண்டே போனால் என்ன ஆகும்? நாண்கள் மிக அதிகமாக மோதிக்கொள்ளும் இடம், முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் வீக்கம் தோன்றுகிறது. ஓய்வு கிடைத்தால் வடிகிறது. கிடைக்காவிட்டால் தடித்து ‘நோட்யூல்’ ஆகிறது. வளர்ந்தவர்களில் பெண்களுக்கும், குழந்தைகளில் பையன்களுக்கும் இது அதிகம் வருகிறது. இந்தச் சொல்லைக் கேட்டதும் புற்றுநோயோ என்று நடுங்கும் குடும்பங்கள் உண்டு. நோட்யூல் புற்றுநோய் ஆகாது, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பெரும்பாலானவை அறுவை சிகிச்சை இல்லாமல், குரல் சிகிச்சையிலும் பழக்க மாற்றத்திலும் சில வாரங்கள் முதல் சில மாதங்களில் குறைகின்றன.

வீக்கம் வந்துவிட்டதா என்று ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. உரக்கப் பாடிப் பார்த்தால் தெரியாது. மூச்சை அழுத்தினால் வீங்கிய நாணும் ஒலித்துவிடும். அதற்கு மாறாக, தார ஸ்தாயியில் ஒரு சிறிய பிரயோகத்தை (ஸ்வரத் தொடரை) எடுத்துக்கொண்டு, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாது என்ற அளவுக்கு மெல்லப் பாட வேண்டும். ஆரோக்கியமான நாண்களில் அந்த மெல்லிய குரல் உடனே எழும். வீங்கியிருந்தால் முதலில் காற்று மட்டும் வரும், ஒரு கணம் தாமதித்து ஒலி சேரும், அல்லது ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துக்குமேல் மெல்லிய குரலே வராது. தினமும் காலையும் இரவும் இதைப் பாடிப் பார்ப்பவருக்குத் தன் குரலின் எல்லை நன்றாகத் தெரிந்துவிடும். நேற்று தார மத்தியமம் வரை மெல்ல வந்தது இன்று காந்தாரத்தோடு நின்றுவிட்டால், இன்று சாதகத்தைக் குறைக்க வேண்டும்.

கரகரப்பு மூன்று வாரத்துக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் போய்க் குரல்வளையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பது போதாது. நாண்கள் அதற்கும் கீழே இருக்கின்றன. முதன்முதலில் 1854-ல் சிறிய கண்ணாடிகளைக் கொண்டு தன் குரல் நாண்களைத் தானே பார்த்தவர் மானுவேல் கார்சியா. அவர் மருத்துவர் இல்லை, லண்டனில் இருந்த பாட்டு வாத்தியார் என்பதை நினைத்தால் எனக்கு உற்சாகமாக இருக்கிறது. இன்று வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ ஒரு சிறிய கேமராவை அனுப்பிப் பார்க்கிறார்கள். நொடிக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகளைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதால், அதிர்வின் வேகத்துக்குச் சற்றே விலகி மின்னும் ஒளியைப் பாய்ச்சி, நாண்கள் நிதானமாக நெளிவதுபோல் திரையில் காட்டுவதுதான் ஸ்ட்ரோபோஸ்கோபி. சாதாரணக் காட்சியில் தெரியாத சிறு விறைப்பும் இதில் தெரிந்துவிடும். பாடுபவர்கள் இந்தச் சோதனையையே கேட்டு வாங்க வேண்டும். மருத்துவரோடு, குரல் சிகிச்சை அறிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவரும் வேண்டும்.

மூன்று வாரம் காத்திருக்கக் கூடாத ஒரு நிலையும் உண்டு. பாடிக்கொண்டிருக்கும்போதோ பலமாக இருமும்போதோ குரல் திடீரென்று போய்விட்டால், நாணுக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கலாம். வலி இல்லாமலும் இருக்கலாம். அந்த நிமிடமே பாட்டையும் பேச்சையும் நிறுத்திவிட்டு மறுநாளுக்குள் பரிசோதிக்க வேண்டும். அதற்குமேல் பாடினால் அந்த இடத்தில் பாலிப் என்னும் சதை வளர்ச்சியோ தழும்போ உருவாகலாம்; தழும்பைச் சரிசெய்வது மிகக் கடினம். கச்சேரிக்கு முன் தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டுக்கொள்வது ரத்தக்கசிவின் ஆபத்தைக் கூட்டுகிறது. கட்டிய தொண்டையைத் திறக்க ஸ்டீராய்டு போட்டுக்கொண்டு மேடை ஏறுவதும் சீசனில் நடக்கிறது. வீக்கம் வடிந்து குரல் வந்துவிடும். காயத்தின் மேல் பாடுகிறோம் என்பது மட்டும் தெரியாமல் போய்விடும். நாண்களைக் கண்ணால் பார்த்த மருத்துவர் ஒருவர் சொல்லாமல் அந்த மருந்தைத் தொடவே கூடாது.

வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால், சித்தரத்தைக் கஷாயம், கற்பூரவல்லி, துளசி, வாயில் அடக்கிய அதிமதுரம். இவை தொண்டைக்கு இதம் தருகின்றன, உமிழ்நீரைச் சுரக்கவைக்கின்றன, இருமலைத் தணிக்கின்றன. ஆனால் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. விழுங்கும்போது குரல்வளை மூடி கவிந்து, உணவு பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குப் போகிறது. தொட்டால் புரையேறும். ஆகவே தேன் நாணில் படிந்து அதைக் குணமாக்கும் என்று நம்பிச் சாதகத்தைக் குறைக்காமல் இருப்பதுதான் ஆபத்து. அதிமதுரத்தைத் தினமும் அதிக அளவில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீரும் இப்படித்தான்: மேடையில் இரண்டு மடக்கு குடிப்பதால் வாய்தான் நனைகிறது. நாண்களுக்கு ஈரம் உடல் வழியாகப் போய்ச் சேர வேண்டும். அதற்கு நாள் முழுவதும் குடித்திருக்க வேண்டும். நேரடியாக நாண்களைச் சென்றடைவது மூச்சில் வரும் ஈரம்தான். ஆவி பிடிப்பதில் பலன் இருப்பது அதனால்தான். சென்னையின் புழுக்கத்தை நாம் எவ்வளவு திட்டினாலும் குரலுக்கு அது நண்பன். அரங்கின் ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. மார்கழியின் கடைசி நாளில் வரும் போகிப் புகை எந்தத் தொண்டைக்கும் ஆகாது.

தயிரைவிட நான் அஞ்சுவது சாப்பிடும் நேரத்தை. ஒன்பது மணிக்குக் கச்சேரி முடிந்து, பத்து மணிக்குக் கேண்டீனில் ரவா தோசையும் காபியும் முடித்து, பதினொன்றுக்குப் படுத்தால், இரைப்பை அமிலம் எதுக்களித்துக் குரல்வளை வரை வரலாம். நெஞ்செரிச்சல் இல்லாமலும் இது நடக்கும். காலையில் கனத்த குரல், அடிக்கடி செருமத் தோன்றுவது, தொண்டையில் ஏதோ அடைத்திருப்பதாக ஓர் உணர்வு ஆகியவை அறிகுறிகள். செருமும் ஒவ்வொரு முறையும் நாண்கள் பலமாக அடித்துக்கொள்கின்றன. அதனால் இன்னும் வீங்கி, இன்னும் செருமத் தோன்றுகிறது. கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கட்டும். செருமத் தோன்றும்போது ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்கினால் அந்தச் சுழற்சி தளரும்.

பெண்களின் குரலைப் பற்றி நம் சங்கீத உலகம் வெளிப்படையாகப் பேசத் தயங்கும் விஷயங்களும் இருக்கின்றன. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நாண்களில் நீர் கோத்து, உச்ச ஸ்வரங்கள் மந்தமாகலாம். சிறு ரத்தநாளங்கள் எளிதில் கசியலாம். ஐரோப்பாவின் சில ஓப்பரா அரங்குகள் ஒருகாலத்தில் பாடகிகளுக்கு அந்த நாட்களில் விடுப்பு கொடுத்தன. மாதவிடாய் நின்ற பிறகு குரல் தடித்து இறங்குவது இயல்பு. தைராய்டு சுரப்பி மந்தமானால் குரல் கரகரக்கும். ஆண் ஹார்மோன் தன்மை கொண்ட சில மருந்துகள் பெண்ணின் குரலை நிரந்தரமாகவே இறக்கிவிடும். பெண்நோய் மருத்துவரிடம் “நான் பாடுகிறவள்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கழுத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை செய்பவரிடமும், எந்த அறுவைக்கும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் இதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். குரல்வளைக்குப் போகும் நரம்புகள் தைராய்டை உரசிக்கொண்டே போகின்றன. மயக்கக் குழாய் நாண்களுக்கு நடுவில்தான் இறங்குகிறது.

வயது ஏற ஏற, உடம்பு மாற மாறச் சுருதியும் மாறும். நாற்பது வயதில் அரைக் கட்டை இறக்கிக்கொண்ட பாடகியைப் பார்த்து, “குரல் போய்விட்டது” என்று முன்வரிசையில் முணுமுணுக்கும் ரசிகர்கள்தான் அவரை மீண்டும் ஐந்துக்குத் தள்ளுகிறார்கள். சபாக்களும் யோசிக்க வேண்டும். ஒரே வாரத்தில் ஐந்து மேடை கிடைத்தால் மறுக்கும் துணிவு இளையவர்களுக்கு வராது; சளி பிடித்த நாளில் ஒருவர் கச்சேரியை ரத்து செய்தால், அடுத்த வருடம் அவருடைய பெயர் பட்டியலில் இருக்குமா என்ற பயம் அவர்களை மேடையேற்றுகிறது. உடல்நிலையால் விலகியவருக்கு அதே சீசனிலோ சித்திரையிலோ வேறு ஒரு நாள் கொடுப்போம் என்று அழைப்பிதழோடு ஒரு வரி எழுதிக்கொடுத்தாலே பலர் பாடக் கூடாத நாளில் பாடாமல் இருப்பார்கள்.

ஓய்வெடுத்துத் திரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. முழு மௌனம் பெரும்பாலும் சில நாட்களுக்கு மட்டும்தான் தேவைப்படும்; அதையும் மருத்துவர் சொல்ல வேண்டும். ரகசியக் குரலில் அழுத்திப் பேசுவது மௌனம் ஆகாது, அதுவும் குரல்வளையை இறுக்குகிறது. மீண்டும் பாடத் தொடங்கும்போது ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல், ஐந்து ஐந்து நிமிடமாக நாளுக்கு நாலைந்து தடவை பாட வேண்டும். முதலில் ‘ம்’காரமும் ஸ்ட்ராவும், பிறகு மத்திய ஸ்தாயிக்குள் சரளி, விளம்பத்தில், பழைய சுருதியிலிருந்து ஒரு கட்டை இறக்கி. மெல்லிய குரலில் தார ஸட்ஜம் தாமதமில்லாமல் எழுந்த பிறகு வர்ணம். கல்பனா ஸ்வரமும் வேகப் பிருகாக்களும் எல்லாவற்றுக்கும் கடைசியில்.